மேலக்காட்டில் டவர் இல்லை

1

என்னை இதுவரை இரண்டு நாடுகளில் உளவாளி என்று சந்தேகப்பட்டிருக்கிறார்கள். ஒன்று, நான் பிழைக்க வந்த ஜெர்மனி. இன்னொன்று, செந்துறைப் பக்கம் நான் பிறந்த ஊர். ஜெர்மனியில் கால் மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். பிறந்த ஊரில்தான் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து வைத்திருந்தார்கள்.

காரணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். எனக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. செல்போன் டவர்களைத் தேடிப் போய்ப் பார்ப்பேன். எந்தக் கம்பெனி டவர், ஆன்டெனா எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது, எவ்வளவு தூரம் வரைக்கும் சிக்னல் போகிறது, வேகம் எவ்வளவு என்று போனிலேயே அளந்து குறித்துக்கொள்வேன். சிலர் பறவை பார்க்கப் போகிறார்கள். பறவை பறந்துவிடும். டவர் நின்ற இடத்திலேயே நிற்கும். என் வயசுக்கும் தொப்பைக்கும் அதுதான் தோது.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தெரு சர்ச் கோபுரத்துக்குள் ஒளித்து வைத்திருந்த ஆன்டெனா ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் இரண்டு போனையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாவது சுற்றில் எதிர்வீட்டு ஜன்னல் திரை அசைந்தது. ஐந்தாவது சுற்றில் போலீஸ் வண்டி வந்தது.

"ஹெர் கோவிந்தசாமி?" என்றார் என் அடையாள அட்டையைப் பார்த்த போலீஸ்காரர்.

என் பெயர் கலியபெருமாள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டதால் இந்த நாடு பதினெட்டு வருஷமாக என்னை ஹெர் கோவிந்தசாமி, அதாவது திருவாளர் கோவிந்தசாமி, என்றே கூப்பிடுகிறது. திருச்சியைத் தாண்டாமலே செத்துப்போன மனுஷர், இங்கே வரி கட்டுகிறார், தப்பான இடத்தில் கார் நிறுத்தி அபராதம் வாங்குகிறார்.

"இங்கே என்ன செய்கிறீர்கள்?"

டவர் பற்றிய தகவல் சேகரிக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். பயத்தில் பாதி ஜெர்மன் போய்விட்டது. "நான் டவர் சேகரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னையும் என் பழைய சைக்கிளையும் பார்த்தார். "சேகரித்து எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

2

இந்த வியாதி எனக்கு மட்டும் இல்லை. உலகம் பூராவும் இருக்கிறார்கள். நாங்கள் எல்லாரும் சேர்ந்து இணையத்தில் ஒரு வரைபடம் வைத்திருக்கிறோம். போனில் ஒரு செயலியை ஓட விட்டுக்கொண்டு நடந்தால் போதும், போகிற வழியெல்லாம் புள்ளி புள்ளியாகச் சிக்னலைப் பதிந்துகொண்டே வரும். சிக்னல் இருந்தால் பச்சை, சுத்தமாக இல்லையென்றால் சிவப்பு. பிறகு டவர் கிடைக்கும்போது அத்தனையும் வரைபடத்தில் போய் ஏறிக்கொள்ளும்.

யாரும் பொய்ப் புள்ளி ஏற்றாமல் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காவல்காரர் உண்டு. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் அடியேன். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு இரண்டு மாவட்டத்தைக் காவல் காக்கிறேன். சம்பளம் கிடையாது. மரியாதையும் கிடையாது என்பது என் வீட்டில் வந்து பார்த்தால் தெரியும்.

இது ஆரம்பித்த கதை ஒன்றும் பெரிசில்லை. நான் வந்த புதிதில் ஊருக்குப் போன் போட்டால் அண்ணன் பழனிவேல் வீட்டைச் சுற்றி நடந்துகொண்டே பேசுவார். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் குரல் கேட்கும். அண்ணி அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் திரும்புவார், குரல் அறுந்துவிடும். "அண்ணே, எத்தனை கோடு காட்டுது?" என்று கேட்டுக்கேட்டு அவரை வீட்டைச் சுற்றி நகர்த்துவேன். நாளாவட்டத்தில் அவர் வீட்டின் எந்த மூலையில் எத்தனை கோடு என்பது எனக்கு மனப்பாடம். அவர் என்ன பேசினார் என்பதுதான் மனப்பாடம் ஆகவில்லை.

பிறகு எங்கே போனாலும் போனைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. அண்ணன் ஒருமுறை ஏதோ பத்திரம் அனுப்பி, தூதரகத்தில் வைத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். ரயில் ஏறிப் போனேன். டோக்கன் வாங்கி, போட்டோ சைஸ் சரியில்லை என்று வெளியே போய் வேறு போட்டோ எடுத்து, மறுபடி வரிசையில் நின்று, ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு நான் நினைவில் வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான். அந்தக் காத்திருப்பு அறையில் ஒரு கம்பெனி சிக்னல்கூட கிடையாது. நானே கண்டுபிடித்த முதல் சிவப்புப் புள்ளி அது.

3

இந்த வருஷ ஆரம்பத்தில் ‘குருவி64’ என்ற பெயரில் ஒருத்தர் எங்கள் ஊர்ப் பக்கமிருந்து புள்ளி ஏற்ற ஆரம்பித்தார். முதலில் சந்தோஷப்பட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து என்னைத் தவிர யாரும் ஏற்றியது கிடையாது. நானும் லீவுக்குப் போகும்போது கடைவீதி வரை நடந்ததோடு சரி.

ஒரு வாரம் போனது. சந்தேகம் வந்தது.

இவர் ஒரே பாதையில் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை போய் வருகிறார். ஒரே இடத்தில் வளைகிறார், ஒரே இடத்தில் திரும்புகிறார். மனுஷன் இப்படி நடப்பானா? அந்தப் பாதையில் பார்த்தால் ரோடே இல்லை. ஒவ்வொரு தடவையும் நடுவில் ஓர் இடத்தில் சிக்னல் சுத்தமாகச் செத்து, அத்தனையும் சிவப்பு. அதைவிட வேடிக்கை, அந்த இடத்தில் உயரக் கணக்கு மளமளவென்று குறைந்து, ஆள் தரைக்குக் கீழே போய்விடுகிறார்.

அது எந்த இடம் என்று பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் மேலக்காடு. எங்களுக்குச் சொந்தமான கடலைக்காடு. அதன் வரப்பு எங்கே திரும்பும், எந்த மூலையில் ஒதிய மரம் நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். களை எடுக்கச் சொன்னால் அந்த மரத்துக்குப் பின்னால்தான் படுத்துத் தூங்குவேன். வரைபடத்தின் அடியில் இருந்த செயற்கைக்கோள் படத்திலும் காடு காடாகத்தான் கிடந்தது. படம் எந்த வருஷத்தியது என்று நான் பார்க்கவில்லை.

என் கடலைக்காட்டில் ஒருத்தர் தினமும் பதினைந்து தடவை பூமிக்குள் போய் வருகிறார் என்றால் என்ன அர்த்தம்? வரிசையாக யோசித்தேன். புள்ளி எண்ணிக்கையில் முதலிடம் பிடிக்க வீட்டில் உட்கார்ந்து பொய் இருப்பிடம் காட்டுகிறார். அல்லது, ஒரு போன் கம்பெனி இன்னொரு கம்பெனியின் பெயரைக் கெடுக்கக் கூலிக்கு ஆள் வைத்திருக்கிறது. அல்லது, என் காவல் பதவிக்கு யாரோ குறி வைத்திருக்கிறார்கள். மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

யாழினி, என் மகள், பதினைந்து வயசு. தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். அவள் என்னிடம் தமிழில் ஆரம்பித்து ஜெர்மனில் முடிப்பாள். கோபம் வந்தால் ஜெர்மனிலேயே ஆரம்பிப்பாள். அன்றைக்கு ஏனோ முழுக்கத் தமிழில் கேட்டாள்.

"அப்பா, பொய் சொல்றவங்க நல்ல சிக்னல்னுதானே சொல்வாங்க? இவர் ஏன் இல்ல, இல்லன்னு சொல்றார்?"

"அது உனக்குப் புரியாது. அங்க ரோடே கெடையாது. எங்க நெலம் அது. எனக்குத் தெரியும்."

"நீ அங்க கடைசியா எப்ப நடந்த?"

திரைப் பக்கம் திரும்பினேன். குருவி64-இன் சிவப்புப் புள்ளிகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். அவர் பெயரைத் தடைப்பட்டியலில் சேர்த்தேன். சுற்றிலும் இருந்த பச்சை தானாகவே உள்ளே பரவி இடத்தை மூடிக்கொண்டது. மேலக்காடு பூராவும் பச்சை. பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

4

பத்து நாள் கழித்துச் செய்தி வந்தது. வரைபடத்திலேயே காவல்காரருக்கு எழுத ஒரு பெட்டி உண்டு. யாரும் எழுதமாட்டார்கள்.

"ஐயா வணக்கம். நான் பொய் சொல்லல. அந்த எடத்துல போன் எடுக்காதுன்னு காட்ட எங்ககிட்ட அது ஒண்ணுதாங்க இருந்துச்சு. போன மாசம் எங்காளு ஒருத்தரு கால் ஒடஞ்சு ஒரு மணி நேரம் கெடந்தாரு. போன் போட முடியல. டவர் வேணும்னு கேட்டா ஆதாரம் கேக்குறாங்க. ஆதாரத்த நீங்க அழிச்சிட்டீங்க. திருப்பிப் போடுங்க."

எனக்கு இன்னும் சந்தேகம் கூடிற்று. கடலைக்காட்டில் கால் ஒடிய என்ன இருக்கிறது? எலி வளை இருக்கும். அதில் விழுந்து ஒரு மணி நேரம் கிடப்பானா? கொஞ்சம் மிடுக்காகவே பதில் எழுதினேன்: "அங்கே ரோடு கிடையாது. அது எங்கள் குடும்ப நிலம். யாரிடம் கதை விடுகிறீர்கள்?"

அரை மணி நேரத்தில் பதில். "அப்ப வந்து உங்க நெலத்த நீங்களே பாருங்க."

அண்ணனுக்குப் போன் போட்டேன். நலம் விசாரித்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்பது போல், "அண்ணே, மேலக்காட்டுல இந்த வருஷம் என்ன போட்டிருக்கு?" என்றேன்.

அந்தப் பக்கம் மாடு கத்துவது தெளிவாகக் கேட்டது. பிறகு, "தம்பி... டவர் சரியில்லடா. அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

டவர் சரியில்லையா? அவர் நின்ற இடம் மாட்டுக்கொட்டகை மூலை. நாலு கோடு காட்டுகிற இடம். யாரிடம் கதை விடுகிறார்?

எனக்கு ஒரு வாரம் லீவு பாக்கி இருந்தது. திடீரென்று ஊருக்குப் போகிறேன் என்றதும் மனைவி சந்தேகமாகப் பார்த்தாள்.

"யாரப் பாக்கப் போற?"

"ஒரு குருவிய" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் குரும்பலூரில் இருக்கும் தன் அப்பாவுக்குச் சொல்லி, என்மேல் ஒரு கண் வைத்திருக்கச் சொல்லிவிட்டாள்.

5

திருச்சியில் இறங்கி நேராக ஊருக்குப் போயிருக்கலாம். வழியில் விட்டுப்போன டவர்களைப் பார்க்க வேண்டுமே என்று பெரம்பலூர் பக்கம் சுற்றிக்கொண்டு போனேன். செட்டிகுளம் மலைமேல் ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு அளந்தேன். எல்லாக் கம்பெனியும் முழுசாகக் கிடைக்கிறது. எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அங்கிருந்து குரும்பலூர் போய் மாமனாருக்கு முகம் காட்டி, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்ததை வாங்கிக்கொண்டு, அரியலூர் பஸ் பிடித்து, அங்கிருந்து செந்துறை பஸ் மாறி ஊர் போய்ச் சேர்ந்தேன்.

குருவி64 மத்தியானம் மூன்று மணிக்கு மேலக்காட்டுப் பாதையில் சந்திப்பதாகச் சொல்லியிருந்தார். நான் வருவதை அண்ணனிடம் சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமென்றால் குருவி, அண்ணன் இரண்டு பேரையும் ஒன்றாகப் பிடிப்பது என்று திட்டம். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராகக் காட்டுப் பாதையில் நடந்தேன். கையில் இரண்டு போன், தலையில் தொப்பி, முதுகில் பை.

கொஞ்ச தூரம் போனதும் முள்ளுக்காட்டுப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எழுந்து நின்றார். அவர் குரல் கொடுத்ததும் இன்னும் நாலைந்து பெண்கள் வந்தார்கள். பாதையை மறித்துக்கொண்டார்கள்.

"யாருங்க நீங்க? எந்த ஆபீசு?"

"ஆபீசெல்லாம் இல்லைங்க. சும்மா அளந்து பாக்கறேன்."

அந்த ஊரில் சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டேன் என்று அப்போது தெரியாது.

"பாத்தியா, அளக்கறானாம்! அஞ்சலக்கா, நான் சொல்லல? போன வாரமும் இப்புடித்தான் ஒருத்தன் தொப்பி போட்டுகிட்டு வந்தான்."

அஞ்சலை என்ற அந்த ஆடு மேய்த்த அம்மா என் கையிலிருந்து ஒரு போனை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். திரையில் புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"இது என்ன புள்ளி? எங்க நெலத்துல எதுக்கு புள்ளி வக்கிற?"

"அம்மா, அது சிக்னல். நான் இந்த ஊருதான். கோவிந்தசாமி மவன், கலியபெருமாள்."

"கோவிந்தசாமி மவன் ஜெர்மனியில இல்ல இருக்கான்?"

"அது நான்தாங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தப் பையன் ஒல்லியா குச்சியாட்டம் இருப்பான். நீ யாரு, உண்மைய சொல்லு."

என் தொப்பைக்கு எதிராக நான் என்ன சாட்சி சொல்ல முடியும்?

இன்னொரு பெண் சொன்னார்: "கோவிந்தசாமி மவன்னா இவனுக்கு இங்க என்ன வேல? அவங்கதான் மேலக்காட்ட சுண்ணாம்புக்கல்லு மைன்ஸுக்குக் குடுத்துட்டாங்களே. அவங்க குடுத்ததுக்கப்பறம்தானே எங்க நெலத்துப் பக்கம் வரானுவோ."

என் காதில் சரியாகத்தான் விழுந்தது. ஆனாலும் "என்னங்க?" என்றேன்.

அப்போது புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு டிப்பர் லாரி வந்து நின்றது. காலியாக இருந்தது. ஓட்டி வந்தவர் இறங்கினார். நாற்பது வயசு இருக்கும், தலைமுடி புருவம் எல்லாம் வெள்ளைத் தூசி.

"அஞ்சலத்த, வுடு வுடு. நான் வரச்சொன்ன ஆளுதான்."

"யாருடா செல்வராசு இவன்?"

"இவருதான் என்னைய தட பண்ணினவரு" என்றார் குருவி64.

6

லாரி முன்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். போன் டேஷ்போர்டில் ரப்பர் போட்டுக் கட்டியிருந்தது. செயலி ஓடிக்கொண்டிருந்தது. நாலு கோடு. வழியில் செல்வராசு சொன்னார்: "எங்கப்பா உங்க மேலக்காட்டுலதாங்க கூலிக்கு இருந்தாரு. நீங்க ஒதிய மரத்துக்குப் பின்னாடி தூங்குவீங்கன்னு சொல்லுவாரு. நீங்கதான்னு தெரியாமத்தான் மொதல்ல எழுதினேன்."

நான் வேகமானி பார்ப்பது போல் பாவனை செய்தேன்.

மைன்ஸ் வாசலில் ஓர் ஆபீஸ். பார்வையாளர் நோட்டில் கையெழுத்துப் போட்டு ஹெல்மெட் வாங்க வேண்டும். ‘வந்த நோக்கம்’ என்ற கட்டத்தில் நான் ‘சிக்னல் இல்லாததைப் பார்க்க’ என்று எழுதினேன். அங்கிருந்த மேனேஜர் சின்ன வயசுக்காரர். படித்துவிட்டுச் சிரித்தார். மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். எங்கள் வரைபடம். கலரில் அச்சடித்து வைத்திருந்தார். மேலக்காடு பூராவும் பச்சை.

"சார், நானும் இவங்க சொன்னத தூக்கிப் போடல. தலைமை ஆபீசுக்கு இதத்தான் அனுப்பினேன். குழி பூரா டவர் இருக்குன்னு இதுல போட்டிருக்கு. ஜெர்மனியில ஒருத்தர் ஒவ்வொரு புள்ளியா பாத்து சரிபண்றாராம். தப்பா இருக்காதுன்னு அவங்க சொல்லிட்டாங்க."

செல்வராசு என்னைப் பார்த்தார். நான் ஹெல்மெட் பட்டையைச் சரிபண்ணிக்கொண்டேன்.

லாரி கீழே இறங்க ஆரம்பித்தது. ஒரு வளைவு. அப்புறம் இன்னொன்று. திரையில் நான் பார்த்துப் பார்த்துச் சந்தேகப்பட்ட அதே வளைவுகள். இரண்டு பக்கமும் சுண்ணாம்புக்கல் சுவர், அடுக்கடுக்காக, வெயிலில் கண் கூசியது. போனில் மூன்று கோடு இரண்டானது. இரண்டு ஒன்றானது. மூன்றாவது வளைவில் அதுவும் போயிற்று.

"இங்கதாங்க" என்று நிறுத்தினார். "வண்டி பின்னால எடுக்கையில கல்லு சரிஞ்சு ஆறுமுகம் கால்ல வுழுந்துச்சு. நான் அவருகிட்ட நிக்கவா, போன் எடுக்கிற எடத்துக்கு ஓடவா? மேல ஓடுனேன். ஓடி, பேசி, திரும்பி வர்றதுக்குள்ள அவரு மயங்கிட்டாரு. அன்னிக்குத்தான் இந்த ஆப்ப போட்டேன். எங்க போன் எடுக்கும் எங்க எடுக்காதுன்னு அடி அடியா எழுதி வச்சா ஒருத்தன் இல்லன்னு சொல்ல முடியாதுல்ல?"

"முடியும்" என்றேன். "நான் சொன்னேனே."

அவர் சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தேன். வானம் ஒரு தட்டு அளவுக்குத் தெரிந்தது. ஒதிய மரம் இப்போது இருந்திருந்தால் என் தலைக்கு மேல் எட்டு ஆள் உயரத்தில் காற்றில் நின்றிருக்கும்.

7

வீட்டுக்குப் போனபோது அண்ணன் வாசலிலேயே நின்றார். அஞ்சலை அம்மா எனக்கு முன்னால் போய்ச் சொல்லிவிட்டிருக்கிறார். அண்ணி தண்ணீர்ச் செம்பை நீட்டினார், முகத்தைப் பார்க்கவில்லை.

"சண்டைக்கு வந்திருக்கியா?" என்றார் அண்ணன்.

"மேலக்காட்ட குடுத்தத எங்கிட்ட ஏன் சொல்லல?"

அண்ணன் உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். எல்லாம் பத்திரம். ஒன்றில் தூதரக முத்திரை. ஆறு இடத்தில் என் கையெழுத்து. நல்ல கையெழுத்து, கொஞ்சங்கூட நடுங்கவில்லை.

"படிச்சுப் பாரு. மேலக்காட்டுக்குப் பதிலா ரோட்டோரத் தோட்டம் பூரா உம்பேருக்கு. அதுவும் அதுலதான் இருக்கு. நீ கையெழுத்து போட்டதா இல்லையா?"

"போட்டேன். ஆனா நீங்க வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்டா!" அண்ணன் மூன்று விரலை நீட்டிக் காட்டினார். "மூணு தடவ சொன்னேன். சுத்தியும் எல்லாரும் குடுத்துட்டாங்க, வெடி வச்சு வச்சு கெணறு வத்திப்போச்சு, நாமளும் குடுக்கத்தான்டா வேணும்னு ஒரு மணி நேரம் அழுவாத கொறையா பேசினேன். பேசி முடிச்சிட்டு ‘என்னடா சொல்ற’ன்னு கேட்டா, நீ என்ன சொன்ன தெரியுமா?"

தெரியவில்லை. ஆனால் யூகிக்க முடிந்தது.

"‘வாய்ஸ் சூப்பரா இருக்குண்ணே, எத்தனை கோடு காட்டுது’ன்னு கேட்ட."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"அன்னிக்கு மேலக்காட்டுல என்ன போட்டிருக்குன்னு திடீர்னு கேக்கவும், இத்தன வருசம் கழிச்சு இவன் வழக்குப் போடப் போறான்னு நெனச்சிட்டேன். அதான் டவர் இல்லன்னு வச்சிட்டேன்."

"மாட்டுக்கொட்டா மூலையில நாலு கோடு இருக்கும்ணே."

"தெரியும்டா. நீதானே சொல்லிக்குடுத்த."

ஆக, குருவி பொய் சொல்லவில்லை, அண்ணன் மறைக்கவில்லை. நான் சந்தேகப்பட்ட அத்தனை பேரும் நல்லவர்கள். நான் சந்தேகப்படாமல் விட்ட ஆள் ஒருத்தன்தான், அவன் ஜெர்மனியிலிருந்து பிளேன் ஏறி வந்து என் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

8

அழிப்பதற்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. திருப்பிப் போடுவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. எங்கள் காவல்காரர்களுக்கெல்லாம் தலைவர் ஹெர்பர்ட் என்று ஒரு ஜெர்மன்காரர், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். விதி என்றால் விதி. ஒரு காவல்காரர் அழித்ததை அவரே திருப்ப முடியாது. காரணம் எழுத வேண்டும், அந்த இடத்தில் இன்னொருத்தர் தனியாக அளந்த பதிவு வேண்டும், தடை பண்ணியவர் மேல் புகார்ப் படிவம் நிரப்ப வேண்டும். ஹெர் கோவிந்தசாமி மேல் ஹெர் கோவிந்தசாமியே புகார் கொடுத்தார். ‘தவறுக்கான காரணம்’ என்ற கட்டத்தில் ‘இடம் தனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டார்’ என்று எழுதினேன். ஹெர்பர்ட் ஒற்றை வரியில் பதில் எழுதினார்: இந்தக் காரணம் பட்டியலில் இல்லை, ஆனால் ஏற்றுக்கொள்கிறேன்.

தனியாக அளந்த பதிவுக்காக, லீவு முடிகிறவரை தினமும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு செல்வராசு பக்கத்தில் உட்கார்ந்து குழிக்குள் இறங்கி ஏறினேன். அப்பா உயிரோடு இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். மேலக்காட்டில் நான் தொடர்ந்து நாலு நாள் வேலை செய்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஏறி வரும்போதெல்லாம் அஞ்சலை அம்மா ஆட்டை விட்டுவிட்டு வந்து, "இன்னிக்கு எத்தன புள்ளி வச்ச?" என்று கணக்குக் கேட்பார். அவர் சந்தேகம் கடைசி வரை தீரவில்லை. தீர வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு நாள் தொப்பி போட்ட வேறு யாராவது வருவார்கள்.

ஜெர்மனிக்குத் திரும்பி, எல்லாப் புள்ளிகளும் சிவப்பாக ஏறிய அன்றைக்கு, புதுப் படத்தை மேனேஜருக்கு அனுப்பினேன். கூடவே, சரிபண்ணுகிற அந்த ஜெர்மனிக்காரர் நான்தான், தப்பு என்னுடையது என்று எழுதினேன். பதில் இல்லை. ஒரு மாசம் போயிற்று. இரண்டு மாசம் போயிற்று. தினமும் காலையில் எழுந்ததும் பல் விளக்குமுன் மேலக்காட்டைப் பார்ப்பேன். குழி சிவப்பாகவே கிடக்கும்.

நாலாவது மாசம் ஒரு சனிக்கிழமை. யாழினி எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். வரைபடத்தைத் திறந்தேன். சிவப்புக்கு நட்டநடுவில், மூன்றாவது வளைவுக்குக் கீழே, ஒரே ஒரு பச்சைப் புள்ளி.

என் கை தானாக அழிக்கும் பொத்தானுக்குப் போயிற்று. இத்தனை சிவப்புக்கு நடுவில் ஒற்றைப் பச்சை எப்படி வரும்? போன் கோளாறா? யாராவது விளையாடுகிறார்களா?

யாழினி ரொட்டியைக் கீழே வைத்தாள். "அப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் பொத்தானை விட்டுவிட்டுச் செல்வராசுக்குப் போன் போட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தார். பின்னால் லாரி உறுமியது, கல் கொட்டுகிற சத்தம்.

"அண்ணே! நானே கூப்புடணும்னு இருந்தேன். குழிக்குள்ளேர்ந்துதாங்க பேசறேன். நேத்து விளிம்புல கம்பம் நட்டு டவர் போட்டுட்டாங்க!"

எங்கள் நிலத்திலிருந்து எனக்குப் பேச்சு வந்தது அதுதான் முதல் தடவை. எத்தனை கோடு காட்டுகிறது என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"ஆறுமுகம் எப்புடி இருக்காரு?"

"வேலைக்கு வந்துட்டாருங்க. இந்தா, பக்கத்துலதான் நிக்கிறாரு. பேசுங்க."

போன் கை மாறுகிற சத்தம். பிறகு எனக்குப் பழக்கமில்லாத ஒரு குரல், அத்தனை ஆழத்திலிருந்து, தயங்கிக் கேட்டது.

"அலோ... நான் பேசறது கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க" என்றேன். "சொல்லுங்க."